ரூமுக்கு நாலு பேர்

"உள்ள வராத. அங்கனயே நில்லு."

"யம்மா, வெயிலு மண்டையப் பொளக்குது, கொஞ்சம் தள்ளு..."

"நில்லுன்னா நில்லு! ஆளு எண்ணிக்கிட்டு இருக்கேன்ல."

"எண்ணுறதுக்கு உள்ள என்ன பந்தியா நடக்குது? நீ, முனியன், அவம் பொண்டாட்டி. மூணு. நான் வந்தா நாலு. இதுக்குப் போயி..."

"அஞ்சு."

"என்னது?"

"நீ வந்தா அஞ்சு. படியவிட்டு எறங்கு மொதல்ல!"

"இன்னும் படியே ஏறலையே நான்!"

"ஏறாத!"

ஆறு வருடத்துக்குப் பிறகு பெற்ற மகளைப் பார்த்த சோலையம்மாளின் வரவேற்பு இது. விடியலில் திருப்பூரில் பஸ் ஏறி, அம்மாவைக் கட்டிக்கொண்டு எப்படி அழுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த குருவம்மாளுக்கு, அந்த அழுகையை இப்போது எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தோள்பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஊருக்குள் கால் வைத்தபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தாயில்பட்டி ரோட்டில் பஸ் இறக்கிவிட்ட இடத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு முன்னால் ஆடை படிந்த ஒரு டீ கிளாஸ், யாரும் தொடாமல். "கொஞ்சம் ஒக்காந்துக்கிடுறேன் அண்ணாச்சி" என்று இவள் காலியிடத்தில் உட்காரப் போனாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அந்த ஊர் ஆண்கள் ஒரு பெண்ணுக்காக எழுந்து நின்றதாகச் சரித்திரம் இல்லை. குருவம்மாளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அவர்கள் தன்னைப் பார்க்கவில்லை, பெஞ்சின் ஓரத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரிகிற வரைக்கும்.

"ஏம்மா, அக்காவ வெயில்லயா நிக்க வைப்ப?" உள்ளேயிருந்து தம்பி முனியராஜ் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தான். "யக்கா, நான் வெளிய நிக்கிறேன், நீ உள்ள போ. அப்ப நாலு ஆயிரும். பேசிட்டு வெரசா வா, கொளம்பு காயுது."

"ஏலே, உங்களுக்கெல்லாம் என்ன கோட்டி பிடிச்சிருக்கா?"

"உள்ள போக்கா, தெரியும்."

உள்ளே போவதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பட்டாசுக் கம்பெனியில் ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சட்டம் அது. சுவரிலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். கையெழுத்து அழகாக இருந்ததால் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். படித்தார்களா என்பது வேறு விஷயம். இரண்டாயிரத்து ஒன்றில், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பதினேழாம் நம்பர் ரூமில் ஐந்து பேர் உட்கார்ந்து புஸ்வாணத்துக்கு மருந்து திணித்துக்கொண்டிருந்தார்கள். ரெஜிஸ்டரில் குருவம்மாளும் இன்னும் மூன்று பெண்களும். சீசன் ஆர்டர் தலைக்கு மேல் போனதால், ரெஜிஸ்டரில் பெயர் ஏறாமல் ஐந்தாவதாக வந்து உட்கார்ந்தவள் எதிர்வீட்டு மூக்கம்மாளின் மகள் மாரித்தாய்.

குருவம்மாள் தண்ணீர் குடிக்கத் தொட்டிக்குப் போனாள். குடித்துவிட்டுத் திரும்பியபோது ரூம் இல்லை.

செத்தவர்கள் நாலு. ரெஜிஸ்டரிலும் நாலு. போர்மேன் சண்முகவேலுக்குத் தன் உத்தியோகத்திலேயே கணக்கு இவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது அன்றைக்குத்தான். ஐந்து பேர் இருந்தார்கள் என்றால் குற்றம், லைசென்ஸ் போய்விடும். நாலு பேர் என்றால் விபத்து, விதி. ஊரே ஒரே குரலில் நாலு என்றது. முகம் தெரியாமல் கிடந்த மாரித்தாயைக் காட்டி, "இது எம் மக குருவம்மா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள் சோலையம்மாள். பொய் அழுகை என்று சொல்ல முடியாது. பிள்ளையைப் பார்த்துத்தான் அழுதாள், பிள்ளைதான் வேறு. நிஜக் குருவம்மாளை அன்று சாயங்காலமே பனியன் கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுத்து, மாரித்தாய் என்ற பெயரில் லாரியில் ஏற்றிவிட்டார்கள். "பேரு மட்டுந்தான் மாறுது, மத்ததெல்லாம் அப்படியேதான்" என்று சண்முகவேல் ஆறுதல் சொன்னார். மூக்கம்மாளிடம், உன் மகள் திருப்பூருக்கு ஓடிப்போய்விட்டாள் என்றார்கள். லாரி ஏறுவதற்கு முன்னால் அந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டியவர்களில் குருவம்மாளும் ஒருத்தி.

அந்தக் குருவம்மாள்தான் இப்போது தன் வீட்டுக்குள் போகிறாள்.

"வாங்க மதினி, நல்லாருக்கீகளா?" முனியராஜின் மனைவி ரோஜா எழுந்து நின்றாள். கல்யாணமாகி நாலு வருடம். இவளை இன்றுதான் பார்க்கிறாள்.

"இருக்கேன். கொஞ்சம் தண்ணி குடு தாயி."

"தண்ணியா?" ரோஜா யோசித்தாள். "மதினி தண்ணியெல்லாம் கேக்க மாட்டாக. அதான் திக்குன்னு இருந்துச்சு."

"எந்த மதினி?"

"இருக்காகள்ல" என்று ரோஜா மோவாயால் காட்டினாள்.

தரையில் தட்டுகள் இருந்தன. ஒன்று அம்மாவுடையது, ஒன்று ரோஜாவுடையது. முனியராஜ் தன்னுடையதை வெளியே கொண்டுபோய்விட்டான். இன்னொன்றில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. முன்னால் யாரும் இல்லை. அந்த இடத்துக்கு மேலே சுவரில் குருவம்மாளின் போட்டோ, குங்குமப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, சிவப்பு பல்ப் சகிதம். நல்ல போட்டோதான். வீட்டில் இருந்தவரைக்கும் அவள் படத்தை மாட்ட இந்தச் சுவரில் இடம் இருந்ததில்லை.

"நாலு வருசமா ஒண்ணா இருக்கோம்" என்றாள் ரோஜா. "ஒரு சொல்லு சொன்னதில்ல. கொளம்புல உப்பு கூடன்னதில்ல, டிவியில சேனல மாத்துன்னதில்ல. எந்த ஊருலயும் எவளுக்கும் இப்படி ஒரு நாத்தனா வாய்க்காது. வீட்டுல மட்டுமில்ல, ஊருக்குள்ள எல்லா எடத்துலயும் அப்படித்தான். எங்கன மூணு பேரு இருந்தாலும் நாலாவது எடம் அவுகளுக்குத்தான். அதுக்கு மேல அஞ்சாவதா ஒரு ஆளு ஒக்காரக் கூடாது. அம்புட்டுத்தான். கல்யாணப் பந்தியிலகூட நாலு நாலு பேராத்தான் ஒக்கார வைக்கிறாக. சாம்பார் வாளி தூக்குறவன் பாடு திண்டாட்டம்."

சட்டம் சுவரில் எழுதிச் சொன்னபோது கேட்காத ஊர், செத்தவள் ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்ததும் கேட்டுக்கொண்டது. கம்பெனியில் மட்டும் சீசனுக்குச் சீசன் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று கேள்வி.

"நாலாவது தட்டு வைக்காட்டி?"

"சின்னச்சாமி மாமா வைக்க மாட்டேன்னாக. மறுநா அடுப்புப் பத்த வைக்காமயே அவுக கூரை பத்திக்கிச்சு."

குருவம்மாள் பார்த்துக்கொண்டிருந்தது தட்டை அல்ல, பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தம்ளரை. தண்ணீர் பாதிதான் இருந்தது. தம்ளரைச் சுற்றி நாலு விரல் தடம், வெள்ளி நிறத்தில் மினுமினுவென்று. புஸ்வாண ரூமில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த தடம் அது. அலுமினியப் பொடி, எத்தனை தேய்த்தாலும் கையைவிட்டுப் போகாது.

"ரோஜா, நீ கம்பெனிக்குப் போறியா?"

"இல்ல மதினி. வீட்டுலயே தீப்பெட்டி ஒட்டுறேன்."

"முனியன்?"

"அவுக வேன்ல லோடு அடிக்கிறாக."

"அம்மா?"

"அத்தைக்குக் கை நடுக்கம். யாரு வேலை குடுக்கா?"

"அப்ப இது யாரு கை?"

ரோஜா எட்டிப் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டாள். "மதினி கைதான். தெனமும் சாம்பல் போட்டு வெளக்கி எனக்கு நகமே தேஞ்சுபோச்சு. அவுகளால இருக்க தொந்தரவு அது ஒண்ணுதான். தம்ளரையும் அந்தப் பக்கமே வைக்கணும், அவுகளுக்கு பீச்சாங்கைப் பளக்கம்ல."

தம்ளர் தட்டுக்கு இடப்பக்கம் இருந்தது. குருவம்மாளுக்கு வலது கைப் பழக்கம். பதினேழாம் நம்பர் ரூமில் இடது கையால் மருந்து திணித்து, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து இடித்துத் திட்டு வாங்கியவள் ஒருத்திதான்.

குருவம்மாள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் வச்சிருக்க."

"என்ன தெரிஞ்சு? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"இது நான் இல்லன்னு தெரியும். யாருன்னும் தெரியும்."

"மெதுவாப் பேசுடி, காதுல விழப் போகுது! உம் பேரச் சொல்லிக் கூப்பிடுறேன், வாரா. கும்பிடுறேன், கேக்குறா. இப்ப எதுக்கு வந்த நீ? அத மொதல்ல சொல்லு."

"எட்டாங்கிளாஸ் சர்டிபிகேட்டு. உன் டிரங்குப் பெட்டியில இருக்கும்."

"அது என்னத்துக்கு?"

"எம் மக சினேகாவ எல்கேஜியில சேக்குறோம். பாரத்துல தாயார் பேருன்னு ஒரு கட்டம். எம் புருசன் மாரித்தாய்னு எழுதப் போனாரு. பேனாவப் பிடுங்கிட்டேன். பிடுங்குனவ உண்மையச் சொல்லாம இருக்க முடியுமா? சொன்னேன். ரெண்டு நா அவரு பேசல. மூணாம் நா, 'சரி, உம் பேருக்கு ஆதாரம் எங்க'ன்னாரு. அந்தக் காகிதம் ஒண்ணுதான் இருக்கு. எம் பிள்ளைக்கு அம்மா பேரு குருவம்மா. செத்தவ பேரு இல்ல."

"குருவம்மாதான்டி செத்தவ!"

"இந்தா நிக்கிறேன்ல!"

"அந்தக் காகிதம் குருவம்மாளோடது. குருவம்மா இந்தா ஒக்காந்திருக்கா. அவளக் கேக்காம நான் எப்படித் தூக்கிக் குடுக்க?"

பெற்றவளோடு சர்டிபிகேட்டுக்குச் சண்டை போடலாம். சர்டிபிகேட்டுக்கு உரிமையாளர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று பெற்றவள் சொன்னால் என்ன செய்வது? குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பார்த்தபோது தட்டில் சோற்றுக் குவியலின் ஓரம் குழிந்திருந்தது. முதலில் அப்படி இல்லை. இடப்பக்க ஓரம். சிரிப்பு நின்றுவிட்டது.

வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. முனியராஜ் வெளியே நின்றபடி செல்லில் தகவல் சொன்ன வேலை. அக்கா மேல் பாசம் உண்டு, அவன் வேன் கடனுக்கு மாசத் தவணையைக் கூலியில் பிடித்துக் கம்பெனி கட்டுவதும் உண்டு.

"என்னத்தா, செத்துப் போனவுக இப்படிச் சொல்லாமக் கொள்ளாம வரலாமா?" போர்மேன் சண்முகவேல் வண்டியை விட்டு இறங்கவில்லை. "உள்ள ஆளு நெறைஞ்சிருக்காம்ல. நீ வெளிய வா, பேசுவோம்."

குருவம்மாள் வாசலுக்கு வந்தாள். முனியராஜ் உடனே உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். சோலையம்மாளுக்கு மூச்சு வந்தது.

"அண்ணாச்சி, எம் பேரு வேணும்."

"அதை நானா சட்டப்பையில வச்சிருக்கேன்? கவர்மெண்டு ரெக்கார்டுல இருக்கு. நீ செத்தது ரெக்கார்டு. நீ இங்கன நிக்கிறது என்ன? வெறும் பேச்சு."

"அஞ்சு பேருன்னு போயிச் சொல்லிருவேன்."

"சொல்லு. கம்பெனிக்கு சீல் வைப்பான். முந்நூறு குடும்பம். நான் விடு, உன் தம்பி லோடுக்கு எங்க போவான்? ஒரே ஒரு பேருக்காக இம்புட்டா?"

"ஒரு பேரு இல்ல அண்ணாச்சி. எம் பேரு ஒண்ணு, அவ பேரு ஒண்ணு."

"கணக்கெல்லாம் நல்லாத்தான் படிச்சிருக்க" என்றார் சண்முகவேல். அவர் கேலி செய்கிறபோது எப்போதும் கண்ணாடியைத் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டே இருந்தார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. திருப்பூர் பஸ்ஸில் யாரோ வந்திருக்கிறார்கள் என்றால் மூக்கம்மாளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். தெருவைக் கடந்து வந்து குருவம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். செத்தவள் திரும்பி வந்திருக்கிறாளே என்று அவள் ஆச்சரியப்படவில்லை. ஊர் சொன்ன எதையுமே அவள் முழுதாக நம்பியிருக்கவில்லை போலும்.

"திருப்பூர்ல இருந்தா வாரே தாயி? எம் மவள அங்கன எங்கயும் பாத்தியா?"

"பாத்தாளாம், பாத்தாளாம்" என்று சண்முகவேல் முந்தினார். "சௌக்கியமா இருக்காளாம்."

"உங்கிட்ட கேக்கல. ஆறு வருசமா நீதான சொல்லுற. அவள சொல்ல விடு."

உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. சோலையம்மாள் நிலைப்படி வரைக்கும் வந்தாள். அவள் கையில் மஞ்சள் ஏறிய ஒரு காகிதம், நாலாக மடித்தது. மகளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி நீட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நல்லாருக்கான்னு ஒரு சொல்லு சொல்லிட்டு இத வாங்கிக்கிட்டுக் கெளம்பு. மூணு மணி பஸ் இருக்கு. உம் பேரும் உனக்கு, அவ சோறும் அவளுக்கு. யாருக்கும் நட்டமில்ல."

நல்ல ஏற்பாடுதான். ஆறு வருடத்துக்கு முன்னாலும் இதே மாதிரி, யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடுதான் செய்தார்கள். கையை நீட்டினால் காகிதம். பாரத்தில் தாயார் பெயர். சினேகாவின் வாயில் அம்மாவின் நிஜப் பெயர். ஒரு சொல்தான் கேட்கிறார்கள். அதையும் ஏற்கெனவே ஒருமுறை தலையாட்டிச் சொன்னவள்தானே இவள்.

"சொல்லு தாயி" என்றாள் மூக்கம்மாள். "மெலிஞ்சிட்டாளா? இன்னும் பீச்சாங்கையிலதான் திங்கிறாளா?"

குருவம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"ஆமா அத்தை. பீச்சாங்கையிலதான் திங்கிறா."

"பாத்தியா! எங்க பாத்த?"

"இந்தா, எங்க வீட்டுல. எம் போட்டோவுக்குக் கீழ ஒக்காந்திருக்கா. எம் பேரச் சொல்லிச் சோறு போடுறாக. அவ எங்கயும் ஓடல அத்தை. பதினேழாம் நம்பர் ரூம்ல அஞ்சாவதா ஒக்காந்திருந்தா. நான் தண்ணி குடிக்கப் போயிட்டேன்."

"ஏ, ஏ, வாய மூடு!" என்றார் சண்முகவேல். மொபெட் அணைந்துவிட்டது. மிதித்தார். மறுபடியும் மிதித்தார்.

மூக்கம்மாள் அழவில்லை. கூந்தலை அள்ளி முடிந்தாள். சோலையம்மாளைத் தள்ளவில்லை, திட்டவும் இல்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி.

"ஏட்டி மாரித்தா. எந்திரி. நம்ம வீட்டுக்குப் போவோம்."

உள்ளே தம்ளர் உருண்டது. ரோஜா வீல் என்று கத்தினாள். நாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது வராத பயம், எழுந்துபோகும்போது வந்துவிட்டது. குருவம்மாளின் விலாவில் யாரோ முழங்கையால் இடித்துவிட்டுப் போனார்கள். வழக்கமான இடி. அவளுக்கு அது எந்த உயரத்தில் விழும் என்றுகூடத் தெரியும்.

மூக்கம்மாள் தெருவைத் திரும்பக் கடந்தாள். அவள் மணிக்கட்டில் நாலு விரல் தடம், வெள்ளி நிறத்தில். கூட வருகிறவளுக்காக நடையைக் குறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பித் திட்டிக்கொண்டே போனாள். "எதிர்த்த வீடுதானடி களுத. ஆறு வருசத்துல ஒரு நாளு வரத் தோணல? கூப்பிட்டாத்தான் வருவியோ? பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவியோ?" எதிர்வீட்டுக் கதவு இரண்டு பேர் உள்ளே போகிற நேரம் திறந்திருந்து, பிறகு சாத்திக்கொண்டது.

சண்முகவேல் மொபெட்டை உருட்டிக்கொண்டு ஓடினார்.

"போய்ட்டாளா?" சோலையம்மாள் உள்ளே திரும்பினாள். "முனியா, நீ இருக்கியா? ரோஜா. நான். மூணு." மறுபடியும் எண்ணினாள். "மூணு."

அடுப்பு அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் கூரை ஓலையில் எங்கேயோ கருகுகிற வாசனை. முதலில் லேசாக, பிறகு லேசாக என்று சொல்ல முடியாதபடி. சிவப்பு பல்ப் ஒருமுறை இமைத்தது.

"யம்மா" என்றான் முனியராஜ். "நாலாவது எடம் காலியா இருக்கு."

"தெரியுதுடா."

சோலையம்மாள் அவசரமாகக் குனிந்தாள். நாலாவது தட்டில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதுச்சோறு போட்டாள். மேலே குழம்பு ஊற்றினாள். எட்டாங்கிளாஸ் சர்டிபிகேட்டை மடிப்பு நீவி, தட்டுக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி வைத்தாள். உருண்டு கிடந்த தம்ளரை முந்தானையால் துடைத்துத் தண்ணீர் மொண்டாள். பழக்கத்தில் இடப்பக்கம் வைத்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு எடுத்து வலப்பக்கம் வைத்தாள்.

குருவம்மாள் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். மெயின் ரோட்டில் மூணு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. காகிதத்தில் தன் பெயரின் முதல் எழுத்து அங்கிருந்தே தெரிந்தது. ஓலைக்கு அடியிலிருந்து மெல்லியதாகப் புகை இறங்கியது.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். ஆறு வருடமாகத் தினமும் கூப்பிட்டுப் பழகிய அதே குரல், அதே இழுப்பு.

"குருவம்மா... சோறு ஆறுது பாரு. வந்து ஒக்காருத்தா."